மெல்பர்னில் நாலு குப்பைத் தொட்டி: எதை எதில் போடுவது?

கேள்வி இது: மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் வாடகை வீடு. வீட்டோடு நாலு தொட்டி இருக்கிறது. மூடிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. போன வாரம் லாரி மஞ்சள் தொட்டியை எடுக்காமல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், கணவரின் நண்பர் இன்னொன்று சொல்கிறார். எதை எதில் போட வேண்டும்? 'கடைசியில் எல்லாம் குப்பை புதைக்கும் ஒரே குழிக்குத்தான் போகிறது, சும்மா கண்துடைப்பு' என்கிறார்களே, அது உண்மையா?

முதலில் அந்த ஸ்டிக்கர். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம், நான் வந்த புதிதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. பால் பாட்டில், அட்டைப் பெட்டி, தேங்காய்ப்பால் டின் எல்லாவற்றையும் கழுவி, கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி மஞ்சள் தொட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். குப்பையைக் கட்டிப் போடுவதுதானே நமக்குச் சுத்தம்! தொட்டி நேச்சர் ஸ்ட்ரிப்பில், அதாவது வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்தரையில், மூன்று நாள் அப்படியே நின்றது. தெருவே பார்த்தது. உள்ளே இருந்த பொருளில் ஒரு தப்பும் இல்லை. கட்டியிருந்த பைதான் தப்பு. உங்கள் கதையும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாக வரும் நம்மவர்கள் வாங்கும் ஸ்டிக்கரில் முக்கால்வாசி அந்தப் பையால் வருவதுதான்.

பை ஏன் ஆகாது என்று புரிந்துவிட்டால் மஞ்சள் தொட்டியின் மற்ற விதிகள் தாமாகவே புரியும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஊரில் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டிருப்பீர்கள். அவர் வாசலில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரை ஒரு பக்கம், தமிழ்ப் பேப்பரை ஒரு பக்கம் அடுக்குவார். பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்ப்பார். பித்தளையா, முலாம் பூசியதா என்று சுரண்டிப் பார்ப்பார். ஒவ்வொரு பொருளும் அவர் கையையும் கண்ணையும் தாண்டித்தான் சாக்குக்குள் போகும். இங்கே லாரி ஓட்டுநர் பெரும்பாலும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. பக்கவாட்டில் ஒரு இரும்புக் கை நீண்டு வந்து தொட்டியைக் கவ்வித் தூக்கிக் கவிழ்க்கும். பல லாரிகளில் உள்ளே விழுவதைக் காட்டும் கேமரா இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிரிப்புக் கூடத்துக்குப் போகிறது. அங்கே வேலை செய்பவர்கள் அதை 'மர்ஃப்' என்பார்கள். மேற்கு மெல்பர்னில் லேவர்டன் பக்கம் அப்படிப்பட்ட கூடங்கள் உண்டு.

ஒருமுறை அப்படி ஒரு கூடத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காதில் அடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. வார்ப்பட்டை ஒன்று வெள்ளம் மாதிரி ஓடுகிறது. தொடக்கத்தில் கையுறை போட்ட சில பேர் நின்று, வரக்கூடாத பெரிய சாமான்களைப் பிடுங்கி எறிகிறார்கள்: தோட்டத்து ஹோஸ், துணி, நாப்கின், ஒரு குழந்தை சைக்கிளின் சக்கரம். கட்டிய பை வந்தால் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். உள்ளே ஊசி இருக்கலாம், உடைந்த கண்ணாடி இருக்கலாம், அதோடு பார்க்க நேரமும் கிடையாது. பையோடு தூக்கிக் குப்பைக்கு. நான் கழுவிக் கட்டிய பால் பாட்டிலெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் கைக்குத் தப்பும் பைகள் இன்னும் மோசம். அடுத்து வரிசையாகச் சுழலும் தட்டுகள் இருக்கின்றன. அட்டையும் காகிதமும் அவற்றின் மேல் மிதந்து போகும், கனமானதும் சின்னதும் இடுக்கு வழியே கீழே விழும். பிளாஸ்டிக் பை அந்தத் தட்டுகளின் அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். அதன் பிறகு பெரிய காந்தம் இரும்பு டின்களை இழுக்கிறது. சுழல் மின்னோட்டம் உண்டாக்கும் ஒரு கருவி அலுமினிய கேன்களைத் துள்ளிக் குதிக்க வைத்து வேறு பக்கம் தள்ளுகிறது. கடைசியில் அகச்சிவப்புக் கதிர் பிளாஸ்டிக்கின் வகையைப் பார்த்துச் சொல்ல, காற்றுக் குழாய் 'புஸ்' என்று ஊதிப் பிரிக்கிறது.

சரி, இப்போது உங்கள் சமையலறை மேடைக்கு வருவோம். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது 'இது அந்தப் பட்டையில் எப்படிப் போகும்' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பால் வரும் 2 லிட்டர், 3 லிட்டர் பாட்டில் அருமையான பொருள், மஞ்சள். ஒரு அலசு அலசினால் போதும், பாத்திரம் மாதிரித் தேய்க்க வேண்டியதில்லை. நெய் டின், தேங்காய்ப்பால் டின், தக்காளி டின் எல்லாம் மஞ்சள், காந்தம் பார்த்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் பாட்டில் காலியாகி வடிந்திருந்தால் மஞ்சள். தயிர் டப்பா, பிளாஸ்டிக் டேக்அவே டப்பா ஆகியவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். அந்த முக்கோணத்தைப் பார்த்து 'ரீசைக்கிள் ஆகும்' என்று நினைப்பவர்கள் நிறைய. அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. 1, 2, 5 என்றால் மஞ்சளுக்கு நம்பிக்கையாகப் போடலாம். பிரியாணி வாங்கி வரும் கறுப்பு டப்பாவில் 5 என்று இருந்தாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கரித்தூள் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், பல இயந்திரங்களின் கண்ணுக்கு அந்த டப்பா தெரிவதே இல்லை. நான் அதைக் கழுவி, மாவு எடுத்து வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் எந்தக் கடையில் சாப்பிட்டோம் என்று சொல்லிவிடலாம்.

எண்களைத் தேடிக் கண் வலிப்பதற்குப் பதில் இன்னொரு குறி இருக்கிறது. பல பொட்டலங்களில் 2018 முதல் ஆஸ்திரேலேஷியன் ரீசைக்ளிங் லேபிள் என்று சின்னப் பெட்டிகள் அச்சாகின்றன. பெட்டி, மூடி, உறை ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். முக்கோண எண்ணைவிட நூறு மடங்கு உபயோகமானது.

கசக்கினால் கையில் சுருளும் பிளாஸ்டிக் எதுவும் மஞ்சளில் கூடாது. பரோட்டா பாக்கெட், சாம்பார் பொடிக் கவர், சிப்ஸ் உறை, ரொட்டிப் பை, பருப்பு வரும் கவர் எல்லாம் இதில் சேரும். 10 கிலோ அரிசி வரும் பின்னல் சாக்கும் அப்படித்தான், அது அச்சில் சுற்றுவதில் பையை மிஞ்சும். சாக்கைத் தோட்டத்தில் காய்ந்த இலை அள்ள வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைவிடச் சின்னதாக இருப்பது சல்லடையில் கண்ணாடித் தூளோடு விழுந்துவிடும். சின்ன பிளாஸ்டிக் மூடி, மாத்திரை அட்டை, ரசீதுத் துண்டு எல்லாம் மஞ்சளில் போட்டும் பலன் இல்லை. அலுமினியத் தாளைச் சேர்த்துச் சேர்த்து, முஷ்டி அளவு உருண்டையாக்கிப் போட்டால் மட்டும் பிழைக்கும். காபிக் கடையின் காகிதக் கோப்பை காகிதம் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, சிவப்பு. பீட்ஸா பெட்டியின் எண்ணெய் ஊறிய அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டு மூடியை மஞ்சளில் போடலாம். டெட்ராபேக்கை சில கவுன்சில்கள் (நம் ஊர் நகராட்சி மாதிரி, குப்பை எடுப்பது இவர்கள் பொறுப்பு) ஏற்கும், பல ஏற்காது.

இந்த 'சில ஏற்கும், பல ஏற்காது' என்ற பல்லவி உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் நண்பரும் வெவ்வேறு மாதிரி சொல்வதற்கு அதுதான் காரணம். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். நண்பர் வேறு கவுன்சிலில் குடியிருப்பார், அந்தக் கவுன்சிலின் ஒப்பந்தம் வேறு கூடத்தோடு இருக்கும். ஊதா மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வீடு தென்கிழக்கில், எங்களுக்கு மூன்றே தொட்டி. கண்ணாடிப் பாட்டிலை நான் மஞ்சளில்தான் போடுகிறேன். நீங்கள் போட்டால் அது தப்பு. நாலு தொட்டி முறையை விக்டோரியா மாநில அரசு 2020-ல் அறிவித்தது. கண்ணாடிக்குத் தனி வழி 2027-க்குள், உணவுக் கழிவுக்குத் தனி வழி 2030-க்குள் என்று கெடு வைத்தது. மேற்கில் ஹாப்சன்ஸ் பே கவுன்சில் அந்த 2020-லேயே நாலாவது தொட்டியைக் கொடுத்துவிட்டது. 'இவ்வளவு செலவு தேவையா' என்று இழுத்துக்கொண்டிருக்கும் கவுன்சில்களும் உண்டு. அதனால் எதிலாவது சந்தேகம் வந்தால் உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் அகர வரிசைப் பட்டியல் இருக்கிறது. மற்றவர் சொன்னால், நான் சொன்னாலும்கூட, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஊதா ஏன் வந்தது என்றால், கண்ணாடி லாரியிலேயே உடைந்துவிடுகிறது. உடைந்த சில்லு காகிதத்துக்குள் குத்திக்கொண்டால் காகித ஆலை அதை வாங்காது. கண்ணாடியும் காகிதச் சக்கையோடு கலந்து மறுபடி பாட்டிலாக ஆக முடியாமல் போகும். தனியாகப் போனால் இரண்டும் தப்பிக்கும். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில் ஊதாவில்; உலோக மூடியைக் கழற்றி மஞ்சளில். ஆனால் கண்ணாடி என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றல்ல. தண்ணீர் குடிக்கும் டம்ளர், பைரெக்ஸ் பாத்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, பீங்கான் தட்டு ஆகியவை உருகும் சூடு வேறு. ஒரு துண்டு கலந்தாலும் புதுப் பாட்டிலில் பலவீனம் விழும். அவற்றைத் தாளில் நன்றாகச் சுற்றிச் சிவப்பில் போடுங்கள்.

இப்போது பச்சை. என்னைக் கேட்டால் நம் வீடுகளுக்கு இதுதான் முக்கியமான தொட்டி. டப்பாவில் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் மஞ்சள் நிறையும். தேங்காய் துருவி, கீரை ஆய்ந்து, மீன் கழுவிச் சமைக்கும் வீட்டில் பச்சை நிறையும். இந்த ஊரில் இதை 'ஃபோகோ' என்பார்கள், உணவும் தோட்டக் கழிவும் சேர்ந்தது என்று பொருள். முன்பு வெறும் புல், இலைக்கு மட்டும் இருந்த தொட்டி. இப்போது பல கவுன்சில்களில் சமையலறைக் கழிவும் போகும்.

காய்த்தோல், கறிவேப்பிலைக் காம்பு, சக்கையாய்த் துப்பிய முருங்கைக்காய், புளிச்சக்கை, ஃபில்டரில் மிஞ்சிய காபித்தூள், புளித்துப்போன இட்லி மாவு, ஊசிப்போன சாம்பார், முட்டை ஓடு எல்லாம் போகலாம். மீன் தலை, இறால் தோல், ஆட்டு எலும்பு, கோழித் தோல் போடலாமா என்று கேட்டால், போடலாம். இது பலருக்குத் தெரியாது. வீட்டுத் தோட்டத்து உரக்குழியில் எலும்பு போட்டால் எலி வரும், ஆனால் இந்தத் தொட்டி போகும் இடம் வேறு மாதிரி. எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். டாண்டினாங் சவுத்தில் எட்டு கவுன்சில்களுக்காக 2019-ல் ஒரு ஆலை வந்தது. மூடிய நீளமான கூடங்களுக்குள் கழிவைக் குவித்துக் காற்றைச் செலுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும் வேகத்தில் உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் போய்விடும். கிருமியும் களை விதையும் அதில் செத்துப்போகும், எலும்பு இளகும், சில வாரத்தில் உரம். அதே மீன் தலை சிவப்புத் தொட்டி வழியாகக் குழிக்குப் போனால் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் விடும். சூட்டைப் பிடித்து வைப்பதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வலுவானது.

தேங்காய் விஷயம் தனி. கொட்டாங்குச்சியை (யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிரட்டை என்பார்கள், அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டிலும் இப்போது இரண்டு பெயரும் புழங்குகிறது) பல கவுன்சில்கள் பச்சையில் ஏற்கின்றன, சில மட்டும் கெட்டியானது என்று மறுக்கின்றன. பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாழை இலை, பலாப்பழச் சக்கை தாராளமாகப் போகும். பூஜைப் பூவும் போகும், ஆனால் மாலையை அப்படியே போடாதீர்கள். வாழைநாரில் தொடுத்தது என்றால் சரி. இங்கே கடையில் விற்பது பெரும்பாலும் நைலான் நூலில் தொடுத்தது. பூவை உருவிப் போட்டுவிட்டு நூலைச் சிவப்பில் போடுங்கள். உரத்துக்குள் போன பிளாஸ்டிக்கை முழுசாகப் பிரிக்க முடியாது. அது பொடிப்பொடியாகி யாரோ ஒரு விவசாயியின் மண்ணுக்குத்தான் போகும். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் அந்தக் குட்டி ஸ்டிக்கரைக்கூட நான் பிய்த்துவிடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

'பயோடிகிரேடபிள்' என்று எழுதிய பையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தச் சொல்லுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. ஏஎஸ் 4736 என்ற எண்ணும் நாற்றுப் படமும் போட்ட மக்கும் பைகள்தான் ஆலையில் மக்குபவை. சில கவுன்சில்கள் அவற்றைச் சுருளாகத் தாமே தருகின்றன. வேறு சில அதையும் வேண்டாம், செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள் போதும் என்கின்றன.

நாற்றம் என்ற பயம் நியாயமானது. ஜனவரியில் 40 டிகிரி அடிக்கும் நாளில் மீன் கழிவு இரண்டு நாள் கிடந்தால் மூடியைத் திறக்க ஆள் கிடைக்காது. நான் செய்வது இது: மீன் தலை, இறால் தோல், கோழிக் கழிவு எல்லாம் ஒரு பழைய தயிர் டப்பாவில் ஃப்ரீசருக்குள். லாரி வரும் முந்தின இரவு கட்டியாகத் தட்டித் தொட்டியில் போடுவேன். காலையில் அது இளகுவதற்குள் லாரி வந்துவிடும். குழம்பு, ரசம் போன்ற நீர்த்த பொருளை வடிகட்டிச் சக்கையை மட்டும் போடுங்கள். தொட்டியின் அடியில் பழைய பேப்பர் நாலு தாளோ ஒரு கை காய்ந்த புல்லோ போட்டால் ஈரத்தை உறிஞ்சும்.

எண்ணெயை மட்டும் மறந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பொரித்த எண்ணெயை ஒரு வருஷம் நான் வெந்நீரோடு சிங்கில் ஊற்றினேன். ஒரு மாதத்தில் குழாய் அடைத்து, பிளம்பருக்குக் கொடுத்த காசில் முறுக்கைக் கடையிலேயே மூட்டையாக வாங்கியிருக்கலாம். கொஞ்சம் என்றால் பேப்பரில் உறிஞ்ச வைத்துச் சிவப்பில். நிறைய என்றால் ஆறவிட்டுப் பழைய பாட்டிலில் ஊற்றி, கவுன்சிலின் ட்ரான்ஸ்ஃபர் ஸ்டேஷனில் (நாமே குப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம்) ஏற்றுக்கொண்டால் அங்கே கொடுத்துவிடலாம்.

சிவப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற மூன்றிலும் போட முடியாதது, எங்கேயும் தனியாகக் கொடுக்கவும் முடியாதது சிவப்பு: நாப்பி, பிளாஸ்டிக் கவர், தெர்மோகோல், குக்கர் காஸ்கெட், ஆறிய ஊதுவத்திச் சாம்பல். இதை மட்டும் பையில் கட்டிப் போடலாம், போட வேண்டும். மேற்குப் பக்கத்துக் குப்பை போகும் குழிகளில் ஒன்று வெரிபியில் இருக்கிறது. குழியில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் மாநில அரசு வரி வாங்குகிறது. மெல்பர்னில் வீட்டுக் குப்பைக்கு 65.90 டாலராக இருந்தது 2021 ஜூலையில் 105.90 ஆனது, அதன் பிறகும் ஏறியிருக்கிறது. அந்தச் செலவு வீட்டுக்காரர் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியில், அதாவது ரேட்ஸ் ரசீதில் வந்து, சுற்றிச் சுற்றி உங்கள் வாடகையில் விழும். உணவுக் கழிவு பச்சைக்கு மாறியதும் பல கவுன்சில்கள் பச்சையை வாரம் ஒருமுறையும் சிவப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் எடுக்கத் தொடங்கின. கைக்குழந்தை இருந்து நாப்பி அதிகம் என்றால் கவுன்சிலில் கேளுங்கள், பெரிய சிவப்புத் தொட்டி தரும் இடங்கள் உண்டு.

எந்தத் தொட்டியிலும் போடக் கூடாதது மின்கலம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ரிமோட் பேட்டரி, பழைய ஃபோன், குழந்தையின் பாட்டுப் பாடும் பொம்மை, மின் பல்தூரிகை எதுவாக இருந்தாலும் சரி. லித்தியம் பேட்டரி லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். எரியும் குப்பையை ஓட்டுநர் நடுத் தெருவில் கொட்டிவிட்டுத் தீயணைப்பு வண்டிக்குக் காத்திருப்பது இங்கே செய்தியில் அடிக்கடி வருகிறது. பிளக், வயர், பேட்டரி உள்ள எதையும் குப்பையில் போடுவதை விக்டோரியா 2019 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறது. ஊரிலிருந்து சுமந்து வந்து மோட்டார் போன மிக்ஸியும் இதில் அடக்கம். அது ட்ரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்கு. சின்ன பேட்டரிக்கு பன்னிங்ஸ், ஆல்டி, வூல்வொர்த்ஸ், ஆஃபீஸ்வொர்க்ஸ் போன்ற கடைகளில் பெட்டி வைத்திருக்கிறார்கள். முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் போடுங்கள். காலாவதியான மருந்தை எந்த மருந்துக் கடையில் கொடுத்தாலும் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். மெத்தை, உடைந்த நாற்காலி, ஓட்டைக் குக்கர் இவற்றுக்கு 'ஹார்ட் ரப்பிஷ்' என்று தனியாக நாள் குறித்து எடுப்பார்கள். நாள் குறிக்காமல் நேச்சர் ஸ்ட்ரிப்பில் வைத்தால் அபராதம்.

பழைய பேப்பர்க்காரரை நினைத்து ஏங்கினால், அவருடைய தூரத்துச் சொந்தம் ஒருவர் கடைத்தெரு கார் பார்க்கில் இயந்திர உருவில் நிற்கிறார். 2023 நவம்பர் 1 முதல் விக்டோரியாவில் பானப் பாட்டிலுக்கும் கேனுக்கும் ஒன்றுக்கு 10 செண்ட் தருகிறார்கள். 150 மில்லிக்குக் குறையாமல், 3 லிட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். சாதாரணப் பால் பாட்டிலுக்கும் வைன் பாட்டிலுக்கும் கிடையாது. கேனை நசுக்காதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். இயந்திரம் பட்டைக்கோட்டைப் படித்தால்தான் காசு. இதில் சவுத் ஆஸ்திரேலியா எல்லோருக்கும் மூத்தது, 1977-லிருந்து கொடுக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2017 டிசம்பரில் வந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கிரிக்கெட் மைதானத்தில் பொறுக்கியே ஒரு பேட் வாங்கிவிட்டான்.

'ஒரே குழிக்குத்தான் போகிறது' என்ற பேச்சுக்கு வருகிறேன். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பிறந்த கதை உண்மை. பல வருஷம் ஆஸ்திரேலியா தன் கலவையான காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பியது. 2018-ல் சீனா கதவை மூடியது, கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது என்றது. இங்கே பிரித்த சரக்கில் பெரும்பாலானது அந்த அளவுக்குச் சுத்தமாக இல்லை. கிடங்குகள் நிறைந்தன, தீப்பிடித்தன. 2019-ல் 30-க்கும் மேற்பட்ட கவுன்சில்களின் சரக்கை எடுத்துக்கொண்டிருந்த எஸ்கேஎம் நிறுவனம் முடங்கிப்போக, மஞ்சள் தொட்டியில் மக்கள் கவனமாகப் போட்டதெல்லாம் வாரக்கணக்கில் குழிக்குத்தான் போனது. கணவரின் நண்பர் அந்தக் காலத்தை நினைத்துச் சொல்லியிருப்பார். பிறகு 2022 நவம்பரில் இன்னொரு அடி. கசங்கும் பிளாஸ்டிக்கைக் கோல்ஸ், வூல்வொர்த்ஸ் கடைகளில் சேகரித்துவந்த ரெட்சைக்கிள் திட்டம் நின்றது. ஆயிரக்கணக்கான டன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது தெரியவந்தது. வருஷக்கணக்கில் பரோட்டா கவரை மடித்து மடித்துக் கொண்டுபோய்ப் போட்டவன் நான், எனக்கும் வயிறு எரிந்தது. 2024-ல் மெல்பர்னின் சில கடைகளில் சோதனையாக மறுபடி வாங்கத் தொடங்கினார்கள். உங்கள் அருகில் உள்ள கடையில் பெட்டி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் சிவப்பு.

ஆனால் அன்றைய நிலை இன்று இல்லை. கழிவைப் பிரித்துச் சுத்தப்படுத்தாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசு படிப்படியாகத் தடை போட்டது: கண்ணாடிக்கு 2021 ஜனவரி, கலவைப் பிளாஸ்டிக்குக்கு 2021 ஜூலை, கலவைக் காகிதத்துக்கும் அட்டைக்கும் 2024 ஜூலை. உள்ளூரிலேயே ஆலை வேண்டியிருக்கிறது, ஆலைக்குச் சுத்தமான சரக்கு வேண்டியிருக்கிறது. டின்னும் அலுமினியக் கேனும் பால் பாட்டிலும் எப்போதுமே நல்ல விலைக்குப் போகும் பண்டங்கள். அவற்றை வேண்டுமென்று யாரும் புதைக்க மாட்டார்கள். இன்றைக்கு மஞ்சள் தொட்டியிலிருந்து குழிக்குப் போவதில் பெரும்பகுதி, போட்டிருக்கவே கூடாத பொருள், அல்லது கட்டிய பை. குழந்தையின் நாப்பி ஒன்று காகிதக் குவியலில் பிரிந்து விழுந்தால் சுற்றியுள்ளதும் சேர்ந்து போகும்.

வைக்கும் முறையும் கொஞ்சம் இருக்கிறது. முந்தின இரவே வெளியே வைத்துவிடுங்கள், லாரி காலை ஆறு மணிக்கும் வரும். சக்கரமும் கைப்பிடியும் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும், மூடி திறக்கும் பக்கம் சாலையைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் இரும்புக் கை கவிழ்க்கும்போது மூடி முறியும். இரண்டு தொட்டிக்கு நடுவில் அரை மீட்டர் இடைவெளி. கார், மரம், மின்கம்பம் பக்கத்தில் கூடாது. மூடி முழுக்க மூட வேண்டும். எந்த வாரம் எந்த நிறம் என்று கவுன்சில் நாள்காட்டி தரும். எங்கள் தெருவில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மூலை வீட்டுத் தாத்தா எதை வைக்கிறாரோ அதைப் பார்த்து எல்லோரும் வைப்போம். ஒரு லாங் வீக்கெண்டில் அவர் தப்பாக வைத்தார், தெரு மொத்தமும் தப்பாக வைத்தது.

இப்போதைக்கு உங்கள் மஞ்சள் தொட்டியைத் திறந்து, பைகளைப் பிரித்து உள்ளே இருப்பதைத் தொட்டியிலேயே கொட்டிவிடுங்கள். பைகள் மட்டும் சிவப்பில். அட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கினால் அடுத்த லாரி வரும்வரை இடம் போதும். தொட்டியே உடைந்திருந்தாலோ காணாமல் போனாலோ ஏஜெண்டிடம் போக வேண்டாம், நேராகக் கவுன்சிலுக்கு ஃபோன் போடுங்கள். அப்புறம் அந்த ஸ்டிக்கர். வெந்நீருக்கு அசையாது, கத்தியால் சுரண்டினால் பாதி நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.